மீதித் தண்டனை

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடையில் ஒரு பெரியவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு எட்டு நடந்துவிட்டு, தரை சரிகிறது என்று சண்டைக்கு வந்தார். தரை சரியவில்லை ஐயா, பவர் புதுசு, பழகிவிடும் என்றேன். "அதுவரைக்கும் நான் சாய்ஞ்சே நடக்கணுமா?" என்றார். டாக்டர் மெல்ல உள்ளே நழுவிவிட்டார். (எங்கள் முதலாளி டாக்டர் கிடையாது. வெள்ளைக் கோட்டு போடுவார், அவ்வளவுதான். எல்லோரும் டாக்டர் என்கிறார்கள், அவரும் மறுப்பதில்லை.) கடைசியில் நான்தான் காதுப்பக்கத்துக் கம்பியைச் சூடுகாட்டி வளைத்து, மூக்குத்தாங்கியை நிமிர்த்தி, அவரைச் சமாதானம் செய்து அனுப்பினேன். போகும்போது எனக்கு நன்றி சொல்லாமல் கண்ணாடிக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

இதை எழுதத்தானா நோட்டை எடுத்தேன்? இல்லை. சுற்றி வளைக்கிறேன். சந்தோஷமான விஷயத்தை எழுதப் பயமாக இருக்கிறது, அதனால்தான்.

மத்தியானம் வக்கீலம்மா கூப்பிட்டார். நம் நாட்டுக்கும் இவர் சிறையில் இருக்கிற அந்த நாட்டுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதாம். அங்கே சிறையில் இருக்கிற நம் ஆட்கள் விரும்பினால் மீதித் தண்டனையை இங்கே வந்து அனுபவிக்கலாம். உங்க வீட்டுக்காரர் சம்மதித்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

இவர் இங்கே வரப்போகிறார்! விடுதலையாகி இல்லை. சிறைக்குத்தான். ஆனால் காலையில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ப் பார்த்துவிடுகிற சிறைக்கு. போனைக் கையில் வைத்துக்கொண்டே லென்ஸ் தேய்க்கிற மிஷின் பக்கத்தில் நின்றேன். கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கேவலம், ஒரு மனுஷி தன் புருஷன் ஜெயிலுக்கு வருகிறான் என்று இவ்வளவு சந்தோஷப்படுவாளா? பட்டேனே.

மாமாவிடம், அதாவது இவர் அப்பாவிடம், இன்னும் சொல்லவில்லை. முதலில் இவரிடம் சொல்ல வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் போன் நாள். அங்கே சிறையில் வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் பேசவிடுகிறார்கள். முடிந்ததும் லைன் தானாகவே போய்விடும், வார்த்தை பாதியில் நின்றாலும் சரி. அதனால் எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. முதலில் மாமா, பிறகு என் மகள் வாலு, பிறகு நான். கெட்ட செய்தி கிடையாது, சண்டை கிடையாது, அழுகை கிடையாது. சனிக்கிழமை சாயங்காலமே யார் என்ன சொல்வது என்று மூன்று பேரும் பேசி வைத்துக்கொள்வோம். வாலுவுக்குக் காய்ச்சல் வந்ததெல்லாம் இவருக்குத் தெரியாது. குளியலறைச் சுவர் ஊறி உப்பியதும் தெரியாது. இவரும் அப்படித்தான். மூன்று வருஷமாக அங்கே சாப்பாடு நன்றாக இருக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது, எல்லாரும் நல்லவர்கள். கேட்டால் நாங்களே போய்த் தங்கிவிடலாம் போலிருக்கும்.

மாமா வழக்கம்போலக் கத்தினார். கடல் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று அவர் நினைப்பு. "நல்லா இருக்கியா? நானும் நல்லா இருக்கேன். சரி." அவ்வளவுதான். அப்பாவும் பிள்ளையும் பேசுவது அதோடு சரி. வாலு ஓவியத்தில் வாங்கிய பரிசைச் சொன்னாள். மனப்பாடம் செய்ததை அட்சரம் பிசகாமல் சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். இருந்தார்.

"யோசிக்கணும்" என்றார்.

யோசிக்க என்ன இருக்கிறது? கேட்பதற்குள் லைன் போய்விட்டது.

மார்ச் 9, திங்கள்

யோசிக்கணுமாம்!

மார்ச் 14, சனி

மாமாவிடம் சொன்னேன். வாலுவின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"செஞ்சது அங்க. அனுபவிக்கிறதும் அங்கயே இருக்கட்டும்" என்றார்.

நான் எரிந்து விழுந்தேன். ஜெயில் எங்கே இருந்தால் என்ன, ஜெயில் ஜெயில்தானே என்றேன். "அப்ப அங்கயே இருக்கட்டுமே" என்றார். வாயை அடைத்துவிட்டார், கல்லுளிமங்கன்.

அவர் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. மாமா வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடித்ததில்லை என்று ஓய்வு பெறுகிற அன்று டிப்போவில் மாலை போட்டார்கள். அவர் பிள்ளை, அவரிடம் வண்டி பழகிய பிள்ளை, வெளிநாட்டில் சரக்கு வேன் ஓட்டப் போனவர், இரட்டை ஷிப்ட் முடித்துத் திரும்பும்போது, வேலை விட்டு நடந்து போய்க்கொண்டிருந்த ஒருவரை அடித்துவிட்டார். அந்த மனிதர் அங்கேயே இறந்துவிட்டார். அதைவிட மோசம், இவர் நிறுத்தவில்லை. அடுத்த சிக்னல் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பி வந்தார். எட்டு வருஷம் கொடுத்தார்கள். நிறுத்தியிருந்தால் அதில் பாதிதான் கிடைத்திருக்கும் என்று வக்கீலம்மா சொன்னார்.

மாமா இதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. மாலை போட்ட அந்தப் போட்டோவை மட்டும் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்.

என்னோடு இப்போது பேச்சு இல்லை. ஆனால் சாயங்காலம் நான் கடையிலிருந்து வரும்போது டீ போட்டு மூடி வைத்திருந்தார். நானும் குடித்துவிட்டு டம்ளரைச் சத்தமாக வைத்தேன், குடித்தேன் என்று தெரியட்டும் என்று.

மார்ச் 15, ஞாயிறு

வரமாட்டேன் என்றுவிட்டார்.

காரணமும் சொன்னார். அங்கே நன்றாக நடந்துகொண்டால் ஒரு வருஷம் குறையுமாம், குறையாமலும் போகலாமாம். இங்கே மாறி வந்தவர்களுக்குச் சலுகை கிடையாது, எட்டு என்றால் எட்டுதான். சரி, ஒரு வருஷம்தானே, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அது காரணமே இல்லை என்று எனக்குத் தெரியாதா? கடைசியில் உண்மையைச் சொன்னார்.

"செத்தவரோட பொண்ணு தினமும் கோர்ட்டுக்கு வந்து உக்காந்திருக்கும். அது அப்பாவை இனிமே பார்க்கவே முடியாது. நான் மட்டும் அங்க வந்து வாராவாரம் என் பொண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்தா, அது தண்டனையா?"

மாமா சொன்னதும் இதுதான், வேறு வார்த்தையில். அப்பாவும் பிள்ளையும் வருஷக்கணக்கில் நாலு வார்த்தை பேசிக்கொள்வதில்லை, ஆனால் இதில் மட்டும் ஒற்றுமை.

நான் சட்டத்தை மீறிவிட்டேன். "தண்டனை உங்களுக்குத்தானே கொடுத்தாங்க? எனக்கும் அவளுக்கும் எந்த ஜட்ஜ் கொடுத்தார்?" என்று கத்திவிட்டேன். மாமா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். வாலு பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். லைன் போய்விட்டது. என் கத்தல்தான் அவர் காதில் கடைசி. அதோடுதான் ஒரு வாரம் அவர் அங்கே இருக்க வேண்டும்.

ஏன் கத்தினேன்? ஏன்தான் இந்த வாயை வைத்துக்கொண்டு — சே.

மார்ச் 17, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன். அலுவலகம் மாடியில், மூச்சு வாங்கியது. இறந்தவர் குடும்பத்துக்கு இதில் சம்மதமா என்று கேட்டேன். அவர்கள் சம்மதம் சட்டப்படி தேவையில்லையாம். ஆனால் அந்த நாட்டில் அவர்களுக்குத் தகவல் சொல்லிவிடுவார்களாம். சொல்லியும் ஆகிவிட்டதாம், மகள் பதிலும் கொடுத்திருக்கிறாள்.

என்ன சொன்னாள் என்று கேட்கவே எனக்குத் தைரியம் இல்லை. வக்கீலம்மாவே சொன்னார். "எங்க வேணும்னாலும் இருக்கட்டும். எங்க இருந்தாலும் முழுசா இருக்கணும். அவ்வளவுதான்" என்றாளாம்.

படி இறங்கும்போது அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டே இறங்கினேன். அவளுக்கு என் வயது இருக்கும். திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் கேட்பது தப்பா? தப்பாகவே இருக்கட்டும், எனக்கு வேண்டும். அவர் வேண்டும். எனக்கு அவ்வளவு நியாயம் தெரியாது.

மார்ச் 19, வியாழன்

டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே ஒரு ஃபிரேமை முக்கால் மணி நேரம் துடைத்தார். கடைசியில், நான் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லை, என்னிடம் போய்க் கேட்கிறாயே என்றார். சிரித்துவிட்டேன். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு.

மார்ச் 22, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாமா கத்தி முடித்து வாலுவிடம் கொடுத்தார். அவள் பேசி வைத்திருந்த மூன்றையும் சொன்னாள்: கணக்கில் முழு மார்க், வகுப்புத் தலைவி, மேல் பல் ஒன்று விழுந்தது. வழக்கமாக இவர் சபாஷ் என்பார், அவள் என்னிடம் கொடுப்பாள். இன்று இவர் ஏதோ கேட்டிருக்கிறார். வாலு முழித்தாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு, என்னைப் பார்த்து ரகசியமாகக் கேட்டாள்:

"அம்மா, எனக்கு இப்ப என்ன விளையாட்டு பிடிக்கும்னு கேக்கறாரு. இதுக்கு என்ன சொல்லணும்?"

பாவி, பொத்தியது பேசுகிற பக்கத்தை இல்லை. காது வைக்கிற பக்கத்தை.

நான் போனை வாங்கினேன். நாங்கள்தான் அவளை அப்படிப் பழக்கினோம். நாலு வயதில் அவளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறியவர் இவர். அவளுக்கு இப்போது ஒன்பது. அவளுக்கு அப்பா என்றால் ஒப்பிக்க வேண்டிய பாடம்.

இவர் அழவில்லை. குரல் மட்டும் இறங்கிப்போயிருந்தது. "அந்தப் பேப்பரை அனுப்பச் சொல்லு. கையெழுத்துப் போடறேன்" என்றார். பிறகு, "அவ என்னதான் விளையாடறா?" என்று கேட்டார்.

கயிறு தாண்டுதல் என்றேன். கயிற்றின் பிடி பட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்ததையும் சேர்த்துச் சொன்னேன். கெட்ட செய்தி கூடாது என்ற சட்டத்தை இனி யார் மதிக்கிறார்கள்!

ஏப்ரல் 11, சனி

கையெழுத்தாகிவிட்டது. மாமாவிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இப்படியே டீ குடிக்கிறோம்.

ஜூன் 30, செவ்வாய்

இன்னும் ஒரு முத்திரை பாக்கியாம். போன வாரமும் ஒரு முத்திரைதான் பாக்கி. இந்த ஆபீஸ்காரர்கள் முத்திரையைச் செய்து காயவைத்துத்தான் குத்துவார்கள் போல.

ஆகஸ்ட் 27, வியாழன்

வந்துவிட்டார். நேற்றே வந்திருக்கிறார், எனக்கு இன்றுதான் சொன்னார்கள். இந்த மண்ணில் ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறார், நான் தெரியாமல் யாருக்கோ ஸ்குரூ முடுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

செப்டம்பர் 5, சனி

முதல் சந்திப்பு.

மாமா வரவில்லை. முழங்கால் வலியாம். நேற்று மாடிப்படி ஏறித் தண்ணீர்த் தொட்டி கழுவிய முழங்கால்! நான் ஒன்றும் சொல்லவில்லை. வாலுவும் நானும் மட்டும் போனோம்.

நீளமான மேஜை, நடுவில் கம்பிவலை. இந்தப் பக்கம் நாங்கள் எல்லோரும் பெஞ்சில், அந்தப் பக்கம் அவர்கள். இவர் வந்தார். இளைத்திருக்கிறார். கிருதா நரைத்திருக்கிறது. நான் மனசில் வைத்திருந்த ஆளும் இந்த ஆளும் ஒருத்தர்தானா என்று ஒரு கணம் தடுமாறினேன். பிறகு சிரித்தார், அந்தக் கோணல் பல், சரி இவர்தான்.

ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். இங்கேதான் எங்கள் கூத்து. வாலு மூச்சுவிடாமல் தன் மூன்று செய்தியைச் சொல்லி முடித்து, அம்மா நீ பேசு என்று நகர்ந்தாள். நான் வேகவேகமாக என்னுடையதைக் கொட்டினேன். அவரும் சாப்பாடு நன்றாக இருக்கிறது, தூக்கம் நன்றாக வருகிறது என்று முடித்தார். அதோடு மூன்று பேருக்கும் பேச்சு தீர்ந்துவிட்டது. லைன் போகும் என்று காத்திருக்கிறோம், போகமாட்டேன் என்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் முக்கால் மணிக்கு மேல் மிச்சம்! ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பக்கத்துப் பெஞ்சில் ஒரு அம்மா தன் மகனைக் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

வாலு தன் பையிலிருந்து மார்க் அட்டையை எடுத்தாள். காவலர் வாங்கிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் கொடுத்தார். இவர் அதைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளினார். தலையைப் பின்னுக்கு இழுத்தார். வெள்ளெழுத்து! தினமும் கடையில் இதையே பார்க்கிறவள் நான். என் புருஷனுக்கு வெள்ளெழுத்து வந்தது எனக்குத் தெரியாது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசினோம், இது போனில் தெரியவே இல்லையே.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"எது?" என்றார், ஒன்றும் தெரியாத மாதிரி. அப்புறம் திட்டினேன் பாருங்கள், நேரம் போனதே தெரியவில்லை.

அக்டோபர் 3, சனி

சிறை மருத்துவர் பார்த்து பவர் ஒன்றரை என்று எழுதிக் கொடுத்தார். உலோக ஃபிரேமுக்கு அனுமதி இல்லை, பிளாஸ்டிக்தான். பழுப்பு நிறத்தில் நானே எடுத்து நானே லென்ஸ் போட்டேன். டாக்டர் பில் போடவில்லை. கேட்டால் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்கிறார். என் கண் முன்னால் அதே கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

இவர் மாட்டிக்கொண்டு முதலில் என்னைத்தான் பார்த்தார். "உனக்கு நெத்தியில கோடு விழுந்துடுச்சே" என்றார். போட்ட கண்ணாடியைப் பிடுங்கலாமா என்று வந்தது.

வாலு சிரித்தாள். அவர் சொல்லி அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை.

நவம்பர் 18, புதன்

வக்கீலம்மா கூப்பிட்டார். உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும் என்பதால் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். அந்த நாட்டில் புது அரசு வந்திருக்கிறதாம். வந்தவுடன் எல்லாக் கைதிகளுக்கும் தண்டனையைக் குறைத்துவிட்டார்களாம். இவரோடு ஒரே அறையில் இருந்தவர்களில் ரெண்டு பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள். அங்கேயே இருந்திருந்தால் இவரும் அடுத்த ஜூனில் வெளியே வந்திருப்பார். இங்கே மாறி வந்தவர்களுக்கு அது பொருந்தாது. இவருக்கு இன்னும் நாலு வருஷம்.

நான்தான கூப்பிட்டேன். வரமாட்டேன்னு சொன்னவரை கத்திக் கத்திக் கூப்பிட்டது நான்தான. ஜூன்ல வீட்டுல இருந்திருப்பாரு. இந்த நாற்காலில உக்காந்திருப்பாரு. வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்காக மூணரை வருஷத்தைத் தூக்கிக் குடுத்துட்டேனே. இதை நான் அவர்கிட்ட எந்த வாயால சொல்றது?

நவம்பர் 20, வெள்ளி

ரெண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு குழந்தையின் கண்ணாடிக்கு இடது லென்ஸை வலது பக்கம் போட்டுவிட்டேன். நல்லவேளை டாக்டர் பார்த்தார். மாமா என் தட்டைப் பார்த்துவிட்டு என்னம்மா என்றார். மார்ச்சுக்குப் பிறகு அவர் தானாகக் கேட்ட முதல் கேள்வி. சொல்லிவிட்டேன். அவர் எழுந்து கை கழுவிவிட்டு அறைக்குள் போனார். சொன்னேனே கேட்டாயா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் நானாவது ஒரு பாட்டம் அழுதிருப்பேன்.

நவம்பர் 21, சனி

காலையில் மாமா தேய்த்த சட்டை போட்டு வாசலில் நிற்கிறார். "பஸ் எத்தனை மணிக்கு?" என்றார்.

வழியெல்லாம் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்து அவர் பிரேக்கில் கால் வைப்பதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இவர் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மாமா உட்கார்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. வக்கீலம்மா சொன்னது முழுவதையும் கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்டேன்.

"தெரியும். அங்கேருந்து ஒருத்தன் சொல்லி அனுப்பினான்" என்றார். சாதாரணமாகச் சொன்னார். "அந்தப் பொண்ணு முழுசா இருக்கணும்னு சொல்லிச்சுன்னு நீதானே சொன்ன? முழுசா இருந்துட்டுப் போறேன். நீ அழாத."

அப்போது மாமா வாயைத் திறந்தார்.

"ஏன்டா நிறுத்தல?"

கத்தவில்லை. போனில் கத்துகிற மாமா இல்லை இது. பக்கத்தில் இருந்த எனக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது. வாலு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளை வெளியே அனுப்பியிருக்க வேண்டும். தோன்றவே இல்லை.

இவர் கண்ணாடியைக் கழற்றினார். "பயந்துட்டேன்பா."

"அப்புறம் எதுக்குத் திரும்பி வந்த?"

"அதுக்கு மேல போக முடியல. நீங்க பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை, அத்தை போனபோதுகூட. பிறகு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"போன்ல எப்படிப்பா?"

மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டார். கிளம்பும்போது மட்டும், "கண்ணாடி உனக்கு நல்லா இருக்கு" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் சீட்டை எனக்குக் கொடுத்தார். நான் தூங்கிவிட்டேன். எத்தனை நாள் கழித்து அப்படித் தூங்கினேன்.

டிசம்பர் 6, ஞாயிறு

வாலு கேட்டாள், அப்பா ஒருத்தரை இடித்துவிட்டு நிறுத்தாமல் போனாரா என்று. ஆமாம் என்றேன். திரும்பி வந்தாரா என்றாள். வந்தார் என்றேன். சரி என்று கயிறை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். ஆனால் கயிறு தரையில் படுகிற சத்தம் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன், சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பிப்ரவரி 13, சனி

இன்று பெரிய சண்டை.

வாலு பெருமையாகத்தான் ஆரம்பித்தாள். இப்போது மெயின் ரோட்டைத் தனியாகக் கடந்து போய்ப் பென்சில் வாங்கி வருகிறாளாம். எனக்கே தெரியாத செய்தி. நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பிடித்துக்கொண்டார். யாரைக் கேட்டுப் போனாய், சிக்னல் இருக்கிறதா, வண்டிக்காரன் உன்னைப் பார்த்தானா இல்லையா உனக்கு எப்படித் தெரியும், இனிமேல் அந்த ரோட்டில் கால் வைத்தால் தெரியும் சேதி. முகம் சிவந்துவிட்டது. காவலர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

வாலுவும் விடவில்லை. "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்கதான் இடிச்சுட்டு நிறுத்தாம போனீங்க."

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அவள் வாயைப் பொத்தக் கை நீட்டினேன். இவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"ஆமா, நான்தான். அதனாலதான் சொல்றேன். போகாத."

அவள் அழுதாள். இவரும் அழுதார். அழுதுகொண்டே மறுபடியும் திட்டினார். மணி அடித்தபோது அவள் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இவர் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு போனார்.

பஸ்ஸில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். மாமா என் காதருகில் வந்து, "யாரு ஜெயிச்சா?" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நெஞ்செல்லாம் சந்தோஷம், வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். ஜூன் மாதத்தை நினைத்து இன்னும் வயிறு எரிகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். இன்றைக்குக் கொஞ்சம் குறைவாக எரிகிறது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது நான் அவளிடம் மெல்ல ஆரம்பித்தேன். அடுத்த சனிக்கிழமை அப்பாவிடம் எப்படிச் சமாதானமாகப் பேசலாம் என்றால்...

"நீ ஒண்ணும் சொல்லித் தராதம்மா" என்றாள். "அது எனக்கும் எங்கப்பாவுக்கும்."